இயல்பு, சொல், பொய்: 'ஒருவனுக்கு ஒருத்தி' குறித்துச் சில வாசிப்புகள்

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் கால் மணி நேரத்துக்குள் ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "மனுஷன் இயல்பிலேயே ஒருத்தரோட மட்டும் வாழப் பொறந்தவன் இல்லீங்க." சொல்பவர் பெரும்பாலும் என் வயதுக்காரர். அறிவியல் நூல் ஒன்றிரண்டு படித்திருப்பார். சிம்பன்சி, போனபோ என்று இரண்டு குரங்குகளின் பெயர் வரும். உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் மூத்தவர் ஒருவர், "ஒருவனுக்கு ஒருத்திங்கறதுதான் தம்பி தமிழன் பண்பாடு" என்பார். கண்ணகி வருவாள். கூட்டம் இரண்டாகப் பிரியும். அலங்காரத்தம்மாளைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

இரண்டு தரப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று இயற்கையை வக்கீலாக வைத்துக்கொள்கிறது, மற்றது மரபை. வக்கீல் வந்தபின் நாம் யோசிக்க வேண்டியதில்லை, தீர்ப்பைக் கேட்டால் போதும். ஆனால் நம்முடைய பிரதிகளை நிதானமாகப் படித்தால் இந்த இரண்டு வக்கீல்களுக்கும் அங்கே பெரிய வேலை இல்லை. அவை கேட்கும் கேள்வி வேறாக இருக்கிறது. அது என்ன என்று பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

1

முதலில் அறிவியல். அது என்ன சொல்கிறது என்பதைச் சரியாகச் சொல்லாமலே அதன் பெயரில் நிறைய பேசப்படுகிறது.

பறவைகளில் சுமார் 90 விழுக்காட்டு இனங்கள் ஜோடியாக வாழ்பவை. நெடுங்காலம் அவைதான் கற்புக்கு உதாரணம். 1980களுக்குப் பிறகு குஞ்சுகளின் டி.என்.ஏ.வைச் சோதிக்கும் வசதி வந்தது. ஒரே கூட்டில் வளரும் குஞ்சுகளில் சிலவற்றுக்குத் தகப்பன் வேறு என்பது பல இனங்களில் தெரியவந்தது. ஜோடியாக வாழ்வது ஒன்று, ஜோடிக்குள் மட்டுமே கூடுவது இன்னொன்று என்று உயிரியலாளர்கள் பிரித்துப் பேசத் தொடங்கினார்கள். நான் இருக்கும் கெப்பாலா பத்தாஸில் நெல்வயல் பக்கம் போனால் உண்ணிக்கொக்குகள் கூட்டமாக இறங்கியிருக்கும். வெள்ளையாக, பார்ப்பதற்குப் பரம சாதுவாக. அவையும் ஜோடி கட்டித்தான் குஞ்சு வளர்க்கின்றன. அந்த ஜோடிகளுக்குள் பக்கத்துக் கூட்டு விவகாரங்கள் நடப்பதை 1981இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வே பதிவு செய்திருக்கிறது.

பாலூட்டிகளில் நிலைமை தலைகீழ். 2013இல் லூக்காஸ், கிளட்டன் பிராக் என்ற இரு ஆய்வாளர்கள் 2,500க்கும் மேற்பட்ட இனங்களை ஒப்பிட்டார்கள். ஜோடியாக வாழ்பவை 9 விழுக்காடுதான். நம் காடுகளில் கத்தும் கிப்பன் குரங்கு அந்தச் சிறுபான்மையில் ஒன்று. ஆயுள் முழுக்க ஒரே துணை என்று பாடப்புத்தகங்கள் அதைப் புகழ்ந்தன. தாய்லாந்தின் காவ் யாய் காட்டில் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், அதுவும் அப்படியொன்றும் கறாரில்லை என்று கண்டார்கள். ஜோடி மாறுவது உண்டு, ஒரு பெண்ணோடு இரண்டு ஆண்கள் வாழும் குடும்பமும் உண்டு.

மனிதன்? கொரில்லாவில் ஆண் பெண்ணைப் போல ஏறத்தாழ இரு மடங்கு எடை. ஒரு ஆண் பல பெண்களை வைத்துக்கொள்ளும் இனங்களில் இப்படித்தான் இருக்கும். கிப்பனில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நாம் நடுவில், கிப்பனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறோம். மர்டாக் என்ற மானிடவியலாளர் தொடங்கிவைத்த உலகச் சமூகங்களின் பட்டியலில் 1,231 சமூகங்கள் இருக்கின்றன. ஒரு தார மணத்தை மட்டும் ஏற்றவை 186. ஆண் பல மனைவியரைக் கொள்ளலாம் என்றவை ஆயிரத்துக்கும் மேல். ஒரு பெண்ணுக்குப் பல கணவர் என்பதை வழக்கமாகக் கொண்டவை நான்கே. அப்படிப் பல தாரம் அனுமதித்த சமூகங்களிலும் பெரும்பாலான ஆண்களுக்கு ஒரு மனைவிதான். இரண்டாவது வீடு நடத்த வசதி வேண்டுமே! மனிதக் குழந்தை வளர ஆகும் காலம் வேறெந்தக் குரங்குக் குட்டிக்கும் ஆவதில்லை. அதை வளர்க்க இரண்டு பேர், பல நேரம் அதற்கும் மேல், தேவைப்பட்டார்கள். ஆகவே நாம் ஜோடி சேர்கிறோம், ஆழமாகப் பற்று வைக்கிறோம், பொறாமைப்படுகிறோம். அதே உடம்போடு வேறொருவரைப் பார்த்தும் மயங்குகிறோம். அறிவியல் சொல்வது இவ்வளவுதான். இதில் விடுதலைப் பத்திரமும் இல்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை.

நான் படித்தது பொறியியல். கடல் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், அது இரும்பின் இயல்பு. பினாங்குப் பாலம் 8.4 கிலோமீட்டர் நீளம் கடலுக்கு மேலே கிடக்கிறது. துருப்பிடிப்பது இயல்பு என்பதால் பாலமே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. துருவே பிடிக்காது என்று நம்பிக்கொண்டும் யாரும் கட்டவில்லை. பொருளின் இயல்பைத் தெரிந்துகொள்வது முதல் வேலை. அதை வைத்து என்ன கட்டுவது என்பது நாம் எடுக்க வேண்டிய முடிவு. 'இயல்பு' என்று சொல்லி நிறுத்திவிடுபவர் இரண்டாவது வேலையிலிருந்து நழுவுகிறார்.

இது வெறும் விவாதச் சுவாரசியத்துக்கான விஷயமாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். என் தோழி ஒருத்திக்கு இரண்டு வருஷப் பழக்கம் முறிந்தபோது, அந்தப் பையன் இதே வாதத்தைத்தான் அவளிடம் சொன்னான். அவள் என்னிடம் சொன்னது: "அதுதான் அவனோட இயல்புன்னா மொத நாளே சொல்லியிருக்கலாம்ல? நான் போனைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு இயல்பு ஞாபகத்துக்கு வந்துச்சா?"

நான் படித்த எந்த உயிரியல் கட்டுரையையும்விட இந்தக் கேள்வி சங்கப் பாடல்களுக்கு நெருக்கமானது.

2

வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். அதன் உரிப்பொருள் ஊடல் என்பதையும் சேர்த்தே ஒப்பித்திருப்போம். ஏன் ஊடல் என்று ஆசிரியரும் விளக்கியிருக்க மாட்டார், நாமும் கேட்டிருக்க மாட்டோம். கணவன் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு விடியற்காலையில் திரும்பி வருகிறான், அதனால்தான் ஊடல். ஐங்குறுநூற்றின் முதல் நூறு பாடல்களும் ஓரம்போகியார் பாடிய மருதம். எருமை, நண்டு, கரும்பு, பொய்கை என்று வளமாக விரியும் அந்த நூறில் திரும்பத் திரும்ப வருவது இந்த ஒரு வீட்டுச் சண்டைதான். 'ஒருவனுக்கு ஒருத்தி தமிழர் பண்பாடு' என்பவர்கள் ஐந்திணையில் ஒரு திணையை முழுசாக மறந்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

அப்படியானால் 'இயல்பு' கட்சிக்கு வெற்றியா? அதுவும் இல்லை. சங்கக் கவிஞர்கள் பறவைகளையும் விலங்குகளையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். குறுந்தொகை 57இல் மகன்றில் பறவைகள் வருகின்றன. நீந்தும்போது நடுவில் ஒரு பூ வந்தாலே ஓராண்டு பிரிந்ததாகத் தவிக்கும் ஜோடி. கலித்தொகையின் பதினோராம் பாடலில் ஆண் யானை தன் பெண்ணுக்கு முதலில் தண்ணீர் ஊட்டுகிறது. புறா சிறகால் விசிறுகிறது. வெயிலில் ஆண் மான் தன் நிழலைப் பெண் மானுக்குக் கொடுக்கிறது. இந்தக் காட்சிகளைப் பேசுபவள் தலைவி. அவன் போன வழியில் இதையெல்லாம் பார்ப்பான், பார்த்தால் திரும்பி வருவான் என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள். விலங்குகள் அப்படித்தான் வாழ்கின்றன என்ற உயிரியல் தகவலாக அது சொல்லப்படவில்லை. அவனுக்கு அவள் அனுப்ப விரும்பும் செய்தியை மானின் மேல் ஏற்றிச் சொல்கிறாள். இயற்கை அங்கே சாட்சிக் கூண்டில் நிற்கவில்லை. ஆசைதான் இயற்கையின் வாய்வழியே பேசுகிறது.

குறுந்தொகையின் எட்டாம் பாடல் இன்னும் கூர்மை. ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுபவள் பரத்தை. அவள் அவனைக் குற்றம் சொல்கிறாள்: எங்கள் இடத்தில் வந்து பெரிய பேச்சுப் பேசினான், தன் வீட்டுக்குப் போனதும் மனைவி முன்னால் கண்ணாடிப் பாவை மாதிரி அவள் அசைத்தபடி அசைகிறான். அவன் வேறொருத்தியோடு இருக்கிறான் என்பது அவளுக்குப் புகாரே இல்லை, அது அவளுக்கு முன்னமே தெரியும். இங்கே ஒரு சொல், அங்கே ஒரு நடப்பு என்பதுதான் புகார். என் தோழி கேட்டதும் கிட்டத்தட்ட இதையேதான்.

மருதத்தில் தலைவிக்கு இருக்கும் ஒரே ஆயுதம் கதவு. தோழி வாயில் மறுப்பாள், தூது வந்த பாணனைத் திட்டி அனுப்புவாள், பிறகு ஒரு கட்டத்தில் கதவு திறக்கும். தலைவி தானும் வேறொருவனைத் தேடிப் போகும் பாடல் ஒன்றுகூட மருதத்தில் இல்லை. மனித இயல்பு பொதுவானதாக இருந்தால் கவிதை ஏன் அதைப் பாதி மனிதர்களுக்கு மட்டும் கொடுத்தது? இந்தக் கேள்வியை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

3

தொல்காப்பியத்தின் கற்பியலில் ஒரு செய்தி இருக்கிறது. திருமணச் சடங்கு ஏன் வந்தது என்று அது காரணம் சொல்கிறது: பொய்யும் தவறும் உலகில் தோன்றிய பிறகுதான் பெரியோர் அந்தக் 'கரணத்தை' ஏற்படுத்தினார்கள்.

திருமணத்தைத் தெய்வம் வகுத்ததாகவோ இயற்கை விதித்ததாகவோ அது காட்டவில்லை. முதலில் பொய் வந்தது, பிறகு சடங்கு வந்தது. ஒருவன் ஒருத்தியிடம் சொன்னதை மறுநாள் இல்லையென்று மறுத்தபோது, நாலு பேர் முன்னால் சொல்ல வைக்க வேண்டிய தேவை எழுந்தது. காமத்தை அடக்கும் ஏற்பாடாக அது தெரியவில்லை, சொல்லைப் பிடித்து வைக்கும் ஏற்பாடாகத்தான் தெரிகிறது.

'கற்பு' என்ற சொல்லையும் இதே வெளிச்சத்தில் பார்க்கலாம். 1929 டிசம்பரில் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கிய பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூல் கற்பு பற்றிய கட்டுரையோடுதான் தொடங்குகிறது. 'படி' என்பதிலிருந்து 'படிப்பு' வருவதுபோல 'கல்' என்பதிலிருந்து 'கற்பு' வருகிறது என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். கொன்றைவேந்தனில் ஔவை கற்புக்குக் கொடுக்கும் பொருளையும் நினைவுபடுத்துகிறார். சொன்ன சொல்லிலிருந்து பிறழாமைதான் அது. அந்த இடத்தில் ஔவை ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. பின்னால் வந்த உரைகள்தான் 'கணவன் சொல்லை மீறாமை' என்று ஒரு சொல்லைக் கூடுதலாக நுழைத்தன. ஒரே ஒரு சொல்தான், ஆனால் பொருளே கவிழ்ந்துவிட்டது. இருவருக்கும் பொதுவான நாணயம் ஒருத்தியின் கீழ்ப்படிதல் ஆகிவிட்டது.

இராமனை ஏகபத்தினி விரதன் என்கிறோம். விரதம் என்ற சொல்லே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. பசிக்காதவன் விரதம் இருப்பதில் என்ன பெருமை? கற்பு கற்பது என்றால், ஏகபத்தினி விரதம் நோற்பது என்றால், நம் மொழிக்கு இது இயல்பு அல்ல என்பது எப்போதோ தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லப் போனபோக்கில் குரங்குகளை இழுக்க வேண்டிய அவசியம் அதற்கு வரவில்லை. அதே நேரத்தில் தைப்பூசத்துக்கு வள்ளி தெய்வானை சமேத முருகனுக்குக் காவடி எடுக்கிறோம், ஐந்து கணவர்களைக் கொண்ட திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறோம். பண்பாடு என்று ஒற்றை வரியில் சொல்லிவிட முடியாத அளவுக்கு நம் கோயில்களே கலவையானவை.

4

மலேசியாவில் நமக்கு இன்னொரு 'கரணம்' இருக்கிறது, அதற்குத் தேதியும் உண்டு. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இங்கே ஓர் இந்து ஆணோ சீன ஆணோ தன் வழக்கப்படி இரண்டாவது மனைவியைச் சட்டப்படியே கொள்ள முடிந்தது. அந்தத் தேதிக்குப் பிறகு முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரு துணைதான், பதிவும் கட்டாயம், மீறினால் குற்றம். பழைய திருமணங்களைச் சட்டம் தொடவில்லை. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கான இருதாரத் தடைச் சட்டம் 1949லேயே வந்துவிட்டது, 1955இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. நாம் அவர்களைவிட ஒரு தலைமுறை தாமதம்.

1982 மார்ச் 1 காலையில் நம் தாத்தாக்களின் மரபணு மாறிவிடவில்லை. மாறியது ஒரு பதிவேடு. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கு வேறு சட்டம், அங்கே வேறு நிபந்தனைகளோடு வேறு எல்லை. ஒரே தெருவில் இரண்டு விதி இருக்கும்போது இயல்பு என்ற சொல்லால் எதை விளக்குவது?

என் அப்பாவின் அம்மா முதல் தாரம். தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். அறுபதுகளில் இன்னொரு பாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு குடும்பமும் ஒரே லயத்தில், நாலு வீடு தள்ளி. சின்னப் பாட்டி பிள்ளைகளும் எங்க அப்பாவும் ஒன்றாகத்தான் பள்ளிக்கூடம் போனார்கள். நான் படிவம் ஐந்து படிக்கும்போது பாட்டியிடம் கேட்டிருக்கிறேன், தாத்தா உங்களை ஏமாத்திட்டாரா என்று. பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "ஏமாத்தலையே. சொல்லிட்டுத்தான் செஞ்சாரு." கொஞ்ச நேரம் கழித்து, "சொன்னாரு. கேக்கல" என்றார்.

பொய்தான் பிரச்சினை என்று மேலே எழுதிக்கொண்டு வந்தேன். பாட்டியின் இரண்டாவது வாக்கியம் அதைப் போதாது என்கிறது. தாத்தா பொய் சொல்லவில்லை. மறைக்கவில்லை. இன்று சிலர் பேசும் 'வெளிப்படையான உறவு' என்ற அளவுகோலில் பாதியை அவர் நிறைவேற்றிவிட்டார். ஆனால் சொல் என்பது இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது. ஒருவர் அறிவித்து மற்றவர் கேட்டுக்கொள்ள மட்டும் முடிந்தால், அது வாக்கு ஆகாது, உத்தரவு. மாதச் சம்பளம் யார் கையில், வீடு யார் பேரில், கோபித்துக்கொண்டு போனால் போக இடம் உண்டா என்பதெல்லாம் சேர்ந்துதான் ஒரு பெண்ணால் 'முடியாது' என்று சொல்ல முடியுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். ஆனால் லயத்து வீடு தாத்தா பேரில்.

1982 சட்டத்தின் மதிப்பு எனக்கு அங்கேதான் புரிகிறது. அது ஆசையை ஒழிக்கவில்லை. 'சின்ன வீடு' என்ற சொல் நம் பேச்சில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, சொல்லி நடந்தது மறைத்து நடக்கலாயிற்று. ஆனாலும் 'கேக்கல' என்று மட்டும் சொல்ல முடிந்த இடத்தில் ஒரு பெண்ணுக்குச் சட்டத்தின் பக்கபலம் கிடைத்தது.

5

இந்த இரண்டு அளவுகோல்களோடு, அதாவது பொய் சொன்னது யார், சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது என்ற கேள்விகளோடு, மூன்று பிரதிகளை மீண்டும் படித்துப் பார்க்கலாம்.

சிலப்பதிகாரம். இரண்டு பெண்களுக்கு நடுவில் போன ஆணின் கதை என்று அதைச் சுருக்குகிறோம். கோவலன் மாதவியைப் பிரிவது எப்படி? கடற்கரையில் யாழை வாங்கி அவன் பாடுகிறான், வேறொருத்தியை நினைத்துப் பாடுவதுபோல அவளுக்குப் படுகிறது. அவளும் அதே தொனியில் பாடுகிறாள். அவ்வளவுதான், அவளை மாயப் பொய்க்காரி என்று முடிவுகட்டிப் போய்விடுகிறான். கட்டிய மனைவியை விட்டு வந்தவனால், ஒரு பாட்டுக்குள் கற்பனையாக வந்த இன்னொரு ஆணைத் தாங்க முடியவில்லை. கண்ணகியிடம் திரும்பியதும் பொய்க்காரியோடு வாழ்ந்து குலச்செல்வத்தைத் தொலைத்தேன் என்கிறான். தன் பொய்யை அவன் கணக்கில் சேர்ப்பதில்லை. கண்ணகியோ கொலைக்களக் காதையில், நீங்கள் செய்தது யாரும் போற்றாத ஒழுக்கம் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். பத்தினித் தெய்வத்தைச் சிலையாக வைத்தவர்கள் இந்த வாக்கியத்தைச் செதுக்க மறந்துவிட்டார்கள்.

மாதவியின் விஷயம் இன்னும் சங்கடமானது. அவள் பிறந்த குலத்தின் தொழில் ஒருவனோடு நிற்காமை. அம்மா சித்திராபதி அதைத்தான் எதிர்பார்க்கிறாள். மாதவி கோவலன் ஒருவனோடு நின்று, அவன் இறந்ததும் துறவு பூணுகிறாள், மகள் மணிமேகலையையும் அதே வழியில் கொண்டுபோகிறாள். குடும்பம் ஒழுக்கம் கற்பித்த கோவலன் அலைகிறான், அலையக் கற்பிக்கப்பட்ட மாதவி நிற்கிறாள். இயல்பு, வளர்ப்பு இரண்டையும் வைத்து இவர்களை விளக்கப் போனால் கணக்கு இடிக்கும். அவள் சொன்னாள், காத்தாள். இளங்கோ அதற்கு மேல் விளக்கம் கொடுக்கவில்லை.

அடுத்தது 1966இல் வந்த 'அம்மா வந்தாள்'. அலங்காரத்துக்கும் சிவசுவுக்கும் இருக்கும் உறவு பல ஆண்டுப் பழக்கம். அப்புவுக்குப் பின் பிறந்த பிள்ளைகள் சிவசுவுடையவர்கள். கணவர் தண்டபாணிக்குத் தெரியும், பேசுவதில்லை. இந்த நாவலை 'இயல்பு' கட்சியினர் தங்கள் பிரதியாகக் கொண்டாடுவதில் எனக்குச் சிக்கல் உண்டு. அலங்காரம் தன் ஆசையை இயல்பு என்று நியாயப்படுத்தியிருந்தால் அப்புவை வேதபாடசாலைக்கு அனுப்பியிருக்க வேண்டியதில்லை. தன் பாவத்தை மகனின் வேதம் கழுவும் என்ற கணக்கு அது. ஒரு பையனின் வாழ்க்கை, அவனைக் கேட்காமலே, அம்மாவின் பரிகாரமாகச் செலவழிக்கப்படுகிறது. இங்கேயும் 'கேக்கல'. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் சொல்லாமல் இருக்கும் மௌனத்தைத் தி.ஜா. எழுதியிருக்கும் விதம்தான் நாவலின் பலம். அது பொய்யா என்றால் பொய் இல்லை. உண்மையா என்றால் உண்மையும் இல்லை. தீர்ப்புச் சொல்ல அவசரப்படாத ஓர் எழுத்தாளரால்தான் அந்த மௌனத்துக்குள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்.

மூன்றாவது, பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்', 2010. திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவு, பிள்ளையில்லாத பெண் முகம் தெரியாத ஓர் ஆணைச் 'சாமி'யாக ஏற்கலாம் என்ற வழக்கம் நாவலில் வருகிறது. 2014 கடைசியில் எதிர்ப்பு வெடித்தது. 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இந்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். நாவலுக்குள் நடப்பதைத்தான் சண்டையில் பலரும் கவனிக்கவில்லை. காளி அந்த வழக்கத்துக்கு ஒப்பவில்லை. அவன் ஒப்பிவிட்டான் என்று பொன்னாவிடம் சொல்லி அழைத்துப் போகிறார்கள். அண்ணன் முத்து காளியைக் குடிக்கக் கூட்டிப்போய் அப்புறப்படுத்துகிறான். ஊரே அனுமதித்த வழக்கம், சாமியே சாட்சி. ஆனாலும் அந்தக் குடும்பத்தை உடைப்பது அந்த இரவு இல்லை, இருவருக்கும் சொல்லப்பட்ட பொய்தான். இந்த நாவலை எரித்தவர்கள் 'எங்கள் பெண்களைக் கேவலப்படுத்திவிட்டான்' என்றார்கள். இரண்டு தாரம் கட்டிய ஆண்கள் நம் கதைகளில் வரிசையாக வருகிறார்களே, அதற்காக 'எங்கள் ஆண்களைக் கேவலப்படுத்திவிட்டார்கள்' என்று எந்த ஊரும் கடையடைத்ததில்லை. மருதத்தில் குறித்து வைத்த கேள்வி இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் அதே இடத்தில் நிற்கிறது.

6

மனிதன் இயல்பில் ஒருவரோடு வாழ்பவனா என்ற கேள்விக்கு என் பதில், உடம்பு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது என்பதுதான். ஜோடி சேரவும் தெரியும், மீறவும் தெரியும். அதனால் இந்தக் கேள்வியால் ஒரு நாவலையும் அளக்க முடியாது, ஒரு வாழ்க்கையையும் அளக்க முடியாது. ஒருவருக்கு ஒருவர் என்று வாழ்வதை நான் மதிக்கிறேன். அது இயற்கை என்பதற்காக இல்லை. தினமும் காக்க வேண்டிய ஒரு சொல்லாக இருப்பதால்தான் அதற்கு மதிப்பு. வேறு விதமாக வாழ முடிவெடுப்பவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேட்க வேண்டியது இதையேதான்: அவளிடம் சொன்னாயா? சொன்னதோடு நிறுத்தாமல் கேட்டாயா? 'முடியாது' என்று சொல்லிவிட்டு அவள் தன் காலில் நிற்க வழியிருந்ததா? அவளும் இதே உரிமையை எடுத்துக்கொண்டால் உனக்குச் சம்மதமா? கடைசிக் கேள்வியில்தான் கோவலன்கள் யாழைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள்.

விமர்சனத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. நான் படித்த வரையில், நம்மூர்க் கதைகளில் இரண்டாவது வீட்டுப் பெண் பெரும்பாலும் குடும்பத்தைக் கெடுக்க வந்தவள், முதல் மனைவி கண்ணீர் விடுபவள், ஆண் பலவீனன். மூவருக்கும் முன்கூட்டியே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. 1982க்கு முன்னும் பின்னுமாக லயங்களில் வாழ்ந்த அந்தக் குடும்பங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், எதைப் பேசாமல் விட்டார்கள், நாலு வீடு தள்ளியிருந்த இரண்டு பெண்களுக்கு நடுவில் சண்டையைத் தவிர வேறென்ன இருந்தது? அதை எழுத ஒரு நாவலுக்கு இடம் இருக்கிறது. அந்தத் தலைமுறைப் பெண்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பண்பாட்டையும் பரிணாமத்தையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.